எப்படி நிக்குது?

“உஸ்தாத், வண்டி ஸ்டார்ட் ஆகுது. கொடிக்கம்பத்தைத் தாண்டினதும் நின்னுடுது.”

கூடாரத்தின் வாசல் துணியை விலக்கிக்கொண்டு நாயக் சூசைராஜ் நின்றான். மீசையில் பனி உறைந்திருந்தது.

உள்ளே, மண்ணெண்ணெய் அடுப்பருகே கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் ஹவில்தார் கோதண்டபாணி. பனி வண்டியை ஓட்டவும் பழுது பார்க்கவும் சூசைராஜுக்குக் கற்றுக்கொடுத்தவர். பட்டாளத்தில் அப்படிக் கற்றுக்கொடுப்பவரை உஸ்தாத் என்பார்கள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான்.

உஸ்தாதின் விரல்கள் குளிரில் கருத்துப்போய், இரண்டு கைகளிலும் மணிக்கட்டு வரை கட்டுப் போட்டிருந்தது. ஒரு ஸ்பேனரைக்கூட அவரால் பிடிக்க முடியாது.

“எப்படி நிக்குது?”

“நின்னுடுது உஸ்தாத்.”

“அதைத்தான் கேக்கறேன். எப்படி?”

“பிளக் மாத்திட்டேன். கார்புரேட்டரைக் கழட்டித் துடைச்சேன். ஃபில்டர் சுத்தமா இருக்கு.”

“நீ செஞ்சதை நான் கேக்கல.”

சூசைராஜ் திரும்பி ஓடினான்.

வெளியே, வண்டிக்குப் பின்னால் கட்டிய சறுக்குப் பலகையில் சிப்பாய் பால்வண்ணன் கிடந்தான். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. அந்தப் பனிமலையின் உயரம் சிலரை அப்படிச் செய்துவிடும். டாக்டர் கீழ் முகாமில் இருந்தார். புயலில் ஹெலிகாப்டர் வராது. ஆட்கள் தூக்கிக்கொண்டு நடந்தால் பொழுது சாய்ந்துவிடும்.

பால்வண்ணன் ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்தான். குளியலறைக்கு என்ன நிறத்தில் டைல்ஸ் போடலாம் என்று தினமும் சூசைராஜிடம் கேட்பான். தினமும் சூசைராஜ் ஒரு நிறம் சொல்வான்.

இப்போது அவன் எதுவும் கேட்கவில்லை. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போல ஒரு சத்தம் வந்தது.

சூசைராஜ் இன்னொரு பிளக்கைப் போட்டான். ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தான். வண்டி உறுமியது. கொடிக்கம்பம் வரை போனது. நின்றது.

நாலு பேர் சேர்ந்து பலகையைப் பின்னால் இழுத்து வந்தார்கள்.

அவன் மறுபடியும் கூடாரத்துக்குள் வந்தான்.

“உஸ்தாத், செத்துடுவான்.”

“வண்டி பட்டுனு நிக்குதா, இழுத்துக்கிட்டு நிக்குதா?”

சூசைராஜ் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“கேக்கலையா?”

“எனக்கு அவன் மூச்சுதான் கேட்டுச்சு.”

உஸ்தாத் கண்ணை மூடித் திறந்தார்.

“பலகையை அவிழ்த்துவிட்டுட்டுப் போ. இந்தத் தடவை வண்டியை மட்டும் கேளு.”

“அவனை அங்கேயே போட்டுட்டா?”

“போ.”

சூசைராஜ் கயிற்றை அவிழ்த்தான். பால்வண்ணனின் முகத்தைப் பார்க்காமல் வண்டியில் ஏறினான்.

வண்டி கிளம்பியது. நன்றாகத்தான் ஓடியது. பிறகு சத்தம் மெல்ல மெலிந்தது. இளநீர் தீர்ந்த பிறகும் குழாயை உறிஞ்சுவது போல எதையோ தேடித் தேடி இழுத்தது. நின்றது.

அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கயிற்றை இழுத்தான். வண்டி உடனே பிடித்துக்கொண்டது. ஓடியது. மெலிந்தது. உறிஞ்சியது. நின்றது.

பெட்ரோல் வரவில்லை. பொறுத்திருந்தால் வருகிறது.

கையுறையைக் கழற்றிவிட்டு டாங்க் மூடியைத் திருகினான். காற்று உஸ்ஸென்று உள்ளே பாய்ந்தது.

மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். காற்று அதன் வழியாகப் போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். அந்தத் துளையைப் பனி அடைத்திருந்தது.

ஒரு கம்பியால் குத்தினான். பனித்துணுக்கு உதிர்ந்தது. கடுகளவுகூட இல்லை.

திரும்பி வந்து பலகையைக் கட்டினான். அதற்குப் பிறகு வண்டி எங்கும் நிற்கவில்லை. இரண்டு சரிவுகள், ஒரு பிளவின் மேல் போட்ட ஏணிப்பாலம், அப்புறம் நீண்ட சமவெளி. சூசைராஜ் என்ஜினைக் கேட்டுக்கொண்டே ஓட்டினான். சுத்தமான, சீரான சத்தம்.

முகாமில் டாக்டர் போர்வையை விலக்கிப் பார்த்தார். கழுத்தில் விரல் வைத்தார். மறுபடி மூடினார்.

“வழியிலயே போயிட்டார். ரொம்ப நேரம் ஆகல.”

சூசைராஜ் வண்டியை அணைக்கவில்லை. அது ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ வந்து அணைத்தார்கள்.

மறுநாள் வானம் தெளிந்தது. அவன் மேலே திரும்பினான். நேராக உஸ்தாதின் கூடாரத்துக்குப் போனான். அவரைக் கீழே கொண்டுபோக ஹெலிகாப்டர் வரவேண்டியிருந்தது. யாரோ கட்டிக்கொடுத்த பையோடு அதே கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“போயிட்டான் உஸ்தாத்.”

“வயர்லெஸ்ல சொன்னாங்க.”

“மேஜர் சாப் போன்ல பேசினாரு. என் தப்பு இல்லைன்னாரு.”

“ம்.”

“டாக்டரும் அதேதான் சொன்னாரு. இந்த உயரத்துல யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாதாம்.”

உஸ்தாத் கட்டுப் போட்ட கையால் பையை ஓரமாகத் தள்ளினார்.

“மொதல் தடவை நீங்க கேட்டப்பவே நான் வண்டியைக் கவனிச்சிருந்தா, அவன் பிழைச்சிருப்பானா?”

அடுப்பு சீறிக்கொண்டிருந்தது. உஸ்தாத் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

“பிழைச்சிருப்பான்.”

சூசைராஜ் வாசலிலேயே நின்றான். பூட்ஸில் ஒட்டியிருந்த பனி கரைந்து தரையில் ஓடியது.

“அவங்க எல்லாரும் இல்லைன்னு சொன்னாங்களே.”

“அவங்களுக்கு என்ஜின் தெரியாது.”

தூரத்தில் ஹெலிகாப்டரின் சத்தம் கேட்கத் தொடங்கியது. இருவரும் அதைக் கேட்டார்கள்.

“அவன் வீட்டுல கேட்டா என்ன சொல்றது? இதை வச்சுக்கிட்டு நான் எப்படி இருக்கறது உஸ்தாத்?”

உஸ்தாத் தன் கட்டுகளைப் பார்த்தார்.

“எனக்குக் கையிலதான் கட்டு,” என்றார். “காதுல இல்ல. நான் எழுந்து வெளிய வந்து கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.”

ஹெலிகாப்டர் கூடாரத்துக்கு மேலே வந்துவிட்டது. துணி படபடத்தது. யாரோ வெளியே அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

உஸ்தாத் எழுந்திருக்கவில்லை. கட்டிலில் ஓரமாக நகர்ந்து, ஒரு ஆள் உட்கார இடம் விட்டார்.