செம்பிக்கு ஒரு பாலிசி

வேணியக்காவை யாரும் குரு என்று அழைத்ததில்லை. அழைத்தால் அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். வடவள்ளிக்கு அப்பால், தென்னந்தோப்பு ஒன்றின் ஓரமாக, தகரக் கூரை போட்ட கூடம் அவருடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கொஞ்சம் பேர் வருவார்கள். பேசாமல் கண்மூடி உட்கார்ந்திருப்பார்கள். பிறகு அவர் சுட்டுத் தரும் தோசையைச் சாப்பிடுவார்கள். கேட்க ஏதாவது இருந்தால் அப்போது கேட்பார்கள்.

நாச்சிமுத்து மட்டும் தோசைக்கு முன்பே கிளம்பிவிடுவார். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று அவரும் சொன்னதில்லை, மற்றவர்களும் கேட்டதில்லை. வேணியக்கா அவரைவிட ஏறக்குறைய இருபது வயது இளையவர். ஆனால் நாச்சிமுத்து அவரை அக்கா என்பார், அவர் நாச்சிமுத்துவை அண்ணா என்பார். கோவை மரியாதை அப்படி. யார் மூத்தவர் என்று வெளியூர்க்காரருக்குக் கடைசிவரை பிடிபடாது.

அந்த ஞாயிறு நாச்சிமுத்து கிளம்பவில்லை. எல்லோரும் போன பிறகும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். காலடியில் செம்பி படுத்திருந்தது. சிவந்த நிறத்தில் ஒரு நாட்டு நாய். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும்.

"என்னங்கண்ணா, இன்னிக்கு அவசரம் இல்லீங்களா?"

"ஒண்ணு கேக்கோணுங்க அக்கா. சிரிக்கக் கூடாது."

"கேளுங்க."

"செம்பிக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாம்னு இருக்கறனுங்க. எதை எடுக்கறதுன்னு தெரியல."

வேணியக்கா சிரிக்கவில்லை. தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

நாச்சிமுத்து செல்போனை எடுத்தார். நான்கு கம்பெனிகள். கட்டம் போட்டு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு வைத்திருந்தார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பவர்கள்கூட இப்படித் துருவியிருக்க மாட்டார்கள். முதல் கம்பெனி ஆபரேஷனுக்குப் பணம் தரும், தோல் வியாதிக்குத் தராது. இரண்டாவது, வயதான நாயைச் சேர்க்காது. செம்பிக்கு இப்போதைக்கு வயது சரிதான், ஆனால் நாளைக்குப் புதுப்பிக்க மாட்டார்களாம். அதனால் அந்த இரண்டையும் கழித்துவிட்டார்.

"மூணாவதும் நாலாவதும்தானுங்க நிக்குது. மூணாவது வைத்தியத்துக்கு நெறையத் தருது. நாலாவது கொஞ்சம் கம்மிதான். ஆனா அதுல ஒண்ணு இருக்குது."

"என்ன?"

"வளர்க்கற ஆளு ஆஸ்பத்திரியில படுத்துட்டா, நாயைக் காப்பகத்துல விடறதுக்கு அவங்களே பணம் குடுத்தர்றாங்க."

அப்படிச் சொல்லும்போது அவர் கை வலது விலாவுக்குக் கீழே அழுத்திக்கொண்டது. வேணியக்கா அதைப் பார்த்தார்.

"யாருங்கண்ணா ஆஸ்பத்திரியில படுக்கப் போறது?"

"பித்தப்பையில கல்லுங்க. எடுத்தே ஆகோணும்னு டாக்டர் சொல்லீட்டாரு. ரெண்டு தடவை தேதி குடுத்தாரு. நாந்தான் போகல."

"ஏன்?"

அவர் குனிந்து செம்பியின் மடங்கிய காதைத் தடவினார்.

"இதை யார்கிட்ட விட்டுட்டுப் போறது?"

தட்டில் ஆறிப்போன தோசை ஒன்று மிச்சம் இருந்தது. வேணியக்கா ஒரு விள்ளல் பிய்த்து, உள்ளங்கையில் வைத்து செம்பியின் முகத்தருகே நீட்டினார். செம்பி மூக்கைச் சுளித்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. அன்று காலையிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

"திங்காதுங்க. யாரு குடுத்தாலும் தொடாது. எங்கையில மட்டுந்தான்."

"அதுவாவே அப்படியா, நீங்க பழக்குனீங்களா?"

"நாந்தானுங்க. குட்டியா இருக்கறப்பவே. எங்க வீதியில ஒரு நாய்க்குத் திருட்டுப் பசங்க கறியில வெசம் வெச்சுட்டாங்க. அன்னிக்கே பழக்கீட்டேன். வேற ஆளு கையில வாய் வெச்சா மூக்குல ஒரு தட்டு. பத்தே நாள்ல புரிஞ்சுக்கிச்சு."

"காப்பகத்துல என்ன சோறு போடுவாங்க?"

"ரெண்டு வேளையும் கோழிக்கறி போட்ட சோறுங்க. நான் போய்ப் பார்த்துட்டுத்தான் வந்தேன்."

"திங்குமா?"

நாச்சிமுத்து சங்கிலியை விரலில் சுற்றினார்.

"புது எடம்னா ஒரு வேளை அடம் பண்ணுங்க. பசிச்சாத் தின்னுக்கும்."

"சரி. இன்னிக்கு இங்க விட்டுட்டுப் போங்க. நாளைக்கு வாங்க, எதை எடுக்கறதுன்னு பேசலாம்."

நாச்சிமுத்துவுக்கு மனமே இல்லை. ஆனாலும் யோசனை கேட்க வந்தவர் அவர். சங்கிலியை வேணியக்காவின் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். பார்த்தால் போயிருக்க மாட்டார்.

வீட்டில் அவருக்குச் செய்ய வேலை ஒன்றும் இல்லை. குக்கரில் வழக்கம்போல இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டார். சாயங்காலம் மின்சாரம் நின்றது.

"கரண்டு போச்சு பாரு செம்பி," என்றார்.

சொன்ன பிறகுதான் செம்பி இல்லாதது நினைவு வந்தது. வேலையில் இருந்த காலத்தில் கரண்டு போனால் ஊரே அவருக்கு போன் போட்டுத் திட்டும். இப்போது அவர் அதைச் சொல்ல ஒரு நாய்தான் இருந்தது. அன்று அதுவும் இல்லை. அந்த வீடு அவ்வளவு பெரியது என்று அவருக்கு அதுவரை தெரியாது. சாதத்தில் ரசத்தை ஊற்றிப் பிசைந்தார், ஆனால் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் கூடத்துக்கு வந்துவிட்டார்.

செம்பி கேட்டைப் பார்த்தபடி படுத்திருந்தது. பக்கத்தில் கிண்ணம் நிறையச் சோறு, அதன்மேல் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. வேணியக்கா அதன் அருகிலேயே தரையில் உட்கார்ந்திருந்தார். தூக்கமில்லாமல் அவர் கண் சிவந்திருந்தது.

"திங்கலீங்களா?"

"இல்லீங்கண்ணா. கிண்ணத்துல வெச்சுப் பார்த்தேன், கையில வெச்சுப் பார்த்தேன். என்னை ஒரு பார்வை பார்க்குது, கேட்டைப் பார்க்குது. அது பட்டினியா கெடக்கறப்ப எனக்கும் சோறு எறங்கல."

நாச்சிமுத்து பையைத் திறந்து, கொண்டுவந்த சோற்றை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். செம்பி நக்கி நக்கித் தின்றது. விரலிடுக்கில் ஒட்டியிருந்த பருக்கையைக்கூட விடவில்லை. நேற்று மலர்ந்த நாச்சிமுத்துவின் முகம் இன்று அழுகையை அடக்கிக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரியில எத்தனை நாளுங்க இருக்கோணும்?" என்று கேட்டார் வேணியக்கா.

"மூணு நாள், நாலு நாள்னாங்க."

"ம்."

"தப்புத்தானுங்க அக்கா. வெசத்துக்குப் பயந்துட்டு..."

"வெசத்துக்குத்தானா?"

நாச்சிமுத்து காலிப் பையை மடிக்கத் தொடங்கினார்.

"மூணு வருசமா இங்க வர்றீங்க. எங்கையில ஒரு டம்ளர் டீ குடிச்சதில்ல. நானும் வெசம் வெப்பேன்னு பயமாங்கண்ணா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க." பதறிவிட்டார். பிறகு குரல் தணிந்தது. "வாரா வாரம் தின்னுட்டுப் போனா, அப்புறம் அந்த நாள் எப்ப வருமுன்னு மனசு எதிர்பார்க்குமுங்க. ஒரு நாள் இல்லேன்னு ஆனா என்னால தாங்க முடியாது. தனியாவே இருந்துட்டா அந்த வம்பு இல்லை."

"செம்பி?"

"அது வேறீங்க." செம்பியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். "இந்த ஒலகத்துல நான் இல்லீன்னா ஆகாதுன்னு இருக்கற ஒரே உசுரு இதுதானுங்க. கண்டவங்க கையிலயும் தின்னுப் பழகிருச்சுன்னா, சோறு கெடைக்கற பக்கம் போயிரும். அப்புறம் என்னை எதுக்குங்க தேடப்போகுது?"

வேணியக்கா எறும்பு மொய்த்த சோற்றைத் தென்னை மரத்தடியில் கொட்டிவிட்டு வந்தார்.

"அதுக்கு எனக்கும் பதில் தெரியலீங்கண்ணா. செஞ்சு பார்த்துத்தான் சொல்லோணும். டாக்டர்கிட்ட அடுத்த மாசத்துல ஒரு தேதி வாங்குங்க. இந்தத் தடவை மாத்தக் கூடாது. அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமையில செம்பியப் பசியோட கூட்டிட்டு வாங்க."

"சரீங்க."

"நீங்களும் பசியோட வாங்க."

அடுத்த ஞாயிறு வேணியக்கா ஒரே தோசையை இரண்டாகக் கிழித்தார். ஒரு பாதியை நாச்சிமுத்துவின் கையில் வைத்தார். அவர் கூச்சத்தில் நெளிந்தார். பள்ளிக்கூடப் பிள்ளை மருந்து குடிப்பதுபோல் ஒரே வாயாகப் போட்டு விழுங்கினார். மறுபாதியை வேணியக்கா செம்பியிடம் நீட்டியபோது அது நாச்சிமுத்துவின் முகத்தையே பார்த்தது.

"தின்னு செம்பி," என்றார். குரலில் உயிரே இல்லை. செம்பி தின்னவில்லை.

"அண்ணா, வாய் தின்னுங்குது, மூஞ்சி வேண்டாங்குது. அது மூஞ்சியைத்தான் கேக்கும்."

அதற்கடுத்த ஞாயிறு நாச்சிமுத்து இரண்டு தோசை சாப்பிட்டார். சட்னிக்கு உப்புக் கம்மி என்று வேறு சொன்னார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். வேணியக்கா எழுந்து போய் உப்பு போட்டுக்கொண்டு வந்தார். செம்பி அன்றைக்கு அவர் கையை முகர்ந்து பார்த்தது, அவ்வளவுதான்.

நடுவில் ஒரு நாள் நாச்சிமுத்துவுக்கு வலி தாங்க முடியாமல் போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். செம்பி அவரைச் சுற்றிச் சுற்றி வந்தது. தனக்கு ஏதாவது ஆகிவிட்டால், கதவைத் திறந்து யாராவது உள்ளே வந்தாலும் இது பட்டினி கிடந்தே செத்துப்போகும் என்ற எண்ணம் அப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது. கற்றுக்கொடுத்தது தன் கைதான் என்பதும் உறைத்தது.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வாரமும் வந்தது.

அந்த ஞாயிறு அவர் செம்பியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தோசையை நீட்டிய வேணியக்காவின் கையைச் சுட்டிக்காட்டி, "தின்னு கண்ணு," என்றார். இந்தத் தடவை முகமும் அதையே சொன்னது. தான் முன்பு தட்டிய அந்த மூக்கை மெதுவாக வருடிக் கொடுத்தார்.

செம்பி அவரைப் பார்த்தது. வேணியக்காவைப் பார்த்தது. பிறகு கழுத்தை நீட்டி, ஒரு விள்ளலை நுனிப்பல்லால் எடுத்தது. மென்றது. வாலை ஒரு ஆட்டு ஆட்டியது. அடுத்த விள்ளலுக்கு அதுவாகவே வாயைக் கொண்டுபோனது.

"தின்னுருச்சு," என்றார் நாச்சிமுத்து. சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவர் கண் நிறைந்திருந்தது.

"தின்னுருச்சுங்கண்ணா. நீங்க வர்ற வரைக்கும் இங்க இருக்கட்டும். அப்ப பாலிசிய மூணாவதே எடுத்துருங்க. காப்பகத்துப் பணம் உங்களுக்கு வேண்டியதில்ல."

"சரீங்க அக்கா."

சங்கிலியைக் கழற்றிச் சுருட்டித் தரையில் வைத்தார். செம்பி கழுத்தில் எதுவும் இல்லாமல், வேணியக்காவின் மடியருகே நின்று தின்றுகொண்டிருந்தது. நாச்சிமுத்து ஓசைப்படாமல் எழுந்தார். அது கவனிக்கவில்லை. ஐந்து வருஷத்தில் முதல் முறையாக, அவர் எழுந்தபோது அது எழவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டார். தோப்பு வழியாகக் கேட்டை நோக்கி நடந்தார். இப்படித்தான் ஆகும் என்று தெரிந்ததுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கேட்டின் கொண்டியில் கை வைத்தபோது, பின்னால் காய்ந்த தென்னோலை சரசரத்தது.

செம்பி ஓடி வந்து அவர் காலை முட்டிக்கொண்டு நின்றது. வாயோரம் தோசைத் துணுக்கு ஒட்டியிருந்தது. கேட்டை ஏன் இன்னும் திறக்கவில்லை என்பதுபோல் அவரை நிமிர்ந்து பார்த்தது.

நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். வேணியக்கா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். நீட்டிய கையை அவர் மடக்கவில்லை.

"அண்ணா," என்றார். "எதுக்குத் தேடப்போகுதுன்னு கேட்டீங்களே. பாதி தோசை இன்னும் எங்கையிலதான் இருக்குது பாருங்க."