பல்லுப்பாரில் தோதான நாள்

"டீச்சர், நான் வந்து மழைக்காலம் போயி வெயில்காலமும் வந்துருச்சுங்க. இன்னும் பல்லுப்பாருல ஒரு அலைகூட ஏறலைங்க" என்றார் நாச்சிமுத்து.

பிளாவியா டீச்சர் அலைச்சறுக்குப் பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரு மறிச்சா?"

"காத்துங்க."

"நேத்து?"

"நேத்து காத்து நல்லாத்தானுங்க இருந்துச்சு. தண்ணி வத்தியிருந்துச்சு."

"முந்தாநேத்து?"

"அன்னிக்குக் காத்தும் சரி, தண்ணியும் சரி. அலை சிறுசுங்க."

டீச்சர் மெழுகை அவரிடம் நீட்டினார்.

"இந்தாங்க அண்ணாச்சி, நீங்க தேயுங்க. எனக்குக் கை வலிக்கி."

நாச்சிமுத்துவுக்கு நாற்பத்தெட்டு வயது. கோயம்புத்தூரில் பம்புசெட்டுக்கு வார்ப்படம் ஊற்றும் பட்டறை வைத்திருந்தார். குடும்பத்தோடு திருச்செந்தூர் போனவர், திரும்பும் வழியில் இளநீர் குடிக்கச் சங்குமுனை என்ற கடலோர ஊரில் வண்டியை நிறுத்தினார். அப்போது ஒரு பெண் அலைமேல் நின்றுகொண்டு கரையை நோக்கி வந்தாள். நடந்து வருவதுபோல அவ்வளவு சாவகாசமாக வந்தாள்.

நாச்சிமுத்து இளநீரைக் கீழே வைத்தார். அப்புறம் அதை எடுக்கவே இல்லை.

ஊருக்குப் போய்ப் பட்டறையை மச்சினனிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்தார். சாமியாராகப் போய்விட்டார் என்றுதான் சொந்தக்காரர்கள் முதலில் நினைத்தார்கள். அது அவர்களுக்குப் புரிந்தது. அலையில் ஏறப் போயிருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் பயந்துபோனார்கள்.

அந்தப் பெண்தான் பிளாவியா டீச்சர். நாச்சிமுத்துவைவிட ரொம்பச் சின்னவர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர், வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊர்க் கடலில் அலைச்சறுக்கு சொல்லிக்கொடுத்தார். விசில் மட்டும் இன்னும் கழுத்தில் தொங்கியது.

மணல் கரையில் உடைகிற சின்ன அலைகளில் நாச்சிமுத்து சீக்கிரமே நிற்கக் கற்றுக்கொண்டார். மிச்சம் இருந்தது பல்லுப்பார்.

கடலுக்கடியில் கிடக்கும் பாறைத் திட்டை அந்த ஊரில் பார் என்பார்கள். தண்ணீர் வற்றினால் இதன் முனைகள் வெளியே தெரியும், பல்லைக் காட்டுவதுபோல. ஆழத்திலிருந்து வருகிற அலை இதன்மேல் மோதி எழும்பிக் கண்ணாடிச் சுவராக நிற்கும்.

அதில் ஏறினால் சொர்க்கம். தவறினால் தையல்.

நாச்சிமுத்து தினமும் விடிந்ததும் பலகையோடு வந்து நிற்பார். கடலைப் பார்ப்பார். பிறகு செல்போனைப் பார்ப்பார். அதில் காற்றுக்கு ஒரு ஆப், அலைக்கு ஒரு ஆப், நீர் ஏற்ற இறக்கத்துக்கு ஒரு ஆப். மூன்றும் ஒத்துப்போகாத நாளில் பலகையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவார்.

மூன்றும் ஒத்துப்போன நாளும் ஒன்று வந்தது. அன்றைக்கும் திரும்பிவிட்டார்.

"இன்னைக்கு என்ன?" என்றார் டீச்சர்.

"ராகு காலமுங்க."

"அது எந்த ஆப்புல?"

"அது காலண்டர்லங்க."

டீச்சர் கையை நீட்டினார். நாச்சிமுத்து செல்போனைக் கொடுத்தார். டீச்சர் அதை வாங்கிக்கொண்டு முழங்கால் தண்ணீர்வரை போனார். கடலைப் பார்த்து அதைத் தூக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். திரும்பி வந்து கொடுத்தார்.

"ஏனுங்க டீச்சர், என்ன பண்ணுனீங்க?"

"கடலுக்குக் காட்டுனேன். இன்னைக்கு எப்படி இருக்கணும்னு அதுக்கும் தெரியணும்லா."

"என்ன சொல்லுச்சுங்க?"

"எழுத்துத் தெரியாதாம்."

நாச்சிமுத்து இரண்டு நாள் டீச்சரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவராகவே வந்தார்.

"கேலி பண்ணாதீங்க டீச்சர். நானு இரும்பு உருக்குன ஆளு. சூடு பத்தலைன்னா ஊத்த மாட்டேன். ஊத்துனா வார்ப்பு ஓட்டை விழும். எதுக்குமே ஒரு பதம் இருக்குங்க."

"சரி. உங்க பதத்தச் சொல்லுங்க."

நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அலை நெஞ்சளவு. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நல்ல இடைவெளி. கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற மெல்லிய காற்று. பாறை மறையும் அளவுக்குத் தண்ணீர். வெயில் உறைக்காத காலை. சொறி, அதாவது ஜெல்லி மீன், ஒன்றுகூட இருக்கக் கூடாது.

"அப்படி ஒரு நாளு வரும்ங்கிய."

"வருமுங்க."

"வந்தா ஏறுவிய."

"மருதமலை முருகன் சத்தியமா ஏறுவேனுங்க."

வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாம் சரியாக அமையும் என்று மூன்று ஆப்பும் ஒரே குரலில் சொன்னது. நாச்சிமுத்து காலண்டரையும் பார்த்தார். அமிர்த யோகம். மனைவி கோகிலவாணிக்குப் போன் போட்டார்.

"புறப்பட்டு வா. எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா."

சனிக்கிழமை ராத்திரியே வேன் கிளம்பிவிட்டது. மச்சினன், மச்சினன் சம்சாரம், பெரியப்பா, பட்டறை மேஸ்திரி, இரண்டு தூக்கு நிறையப் புளிசாதம். விடியும்போது எல்லாரும் சங்குமுனை மணலில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

கடல் அன்றைக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னது மாதிரியே இருந்தது. காற்று கரையிலிருந்து மெதுவாக வீசியது. அலை ஒவ்வொன்றும் வரிசை தப்பாமல் வந்து பாருக்கு மேலே நிமிர்ந்து நின்றது.

அந்த மூன்று ஆப்பையும் வைத்திருக்கிறவர் நாச்சிமுத்து ஒருவர் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

சென்னையிலிருந்து நாலு கார் வந்திருந்தது. பெங்களூரிலிருந்து ஒரு பஸ். பாண்டிச்சேரியிலிருந்து பைக்கில் பலகையைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள். கேரளாக்காரர்கள். தாடி வைத்த இரண்டு வெள்ளைக்காரர்கள். எல்லாரும் பல்லுப்பாரில் பலகைமேல் குந்தியிருந்தார்கள், ரேஷன் கடை வாசல்போல.

நாச்சிமுத்து கையால் தண்ணீரைத் தள்ளிப் போய்ச் சேர்ந்தார். ஓர் அலை வந்தது. பத்துப் பேர் அதைப் பிடிக்கப் பலகையைத் திருப்பினார்கள். இன்னொன்று வந்தது. இருபது பேர் திருப்பினார்கள். "ஏனுங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்றார். பக்கத்தில் இருந்த பையன் ரொம்ப மரியாதையாக, "அங்கிள், லைன்ல வாங்க" என்றான்.

அவர் லைனில் உட்கார்ந்தார். வெயில் ஏறியது. காற்று திரும்பியது. லைன் நகரவே இல்லை.

உச்சி வேளையில் கரைக்கு வந்தார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். புளிசாதம் தீர்ந்திருந்தது. கோகிலவாணி துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

"நல்லா உக்காந்திருந்தீங்க" என்றாள்.

அவ்வளவுதான். முதலில் மேஸ்திரிதான் வெடித்தார். பிறகு மச்சினன். பெரியப்பா சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி, அவர் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. ஜமக்காளம் முழுக்கச் சிரிப்பு.

சாயங்காலம் வேன் திரும்பியது. கோகிலவாணி மட்டும் தங்கிவிட்டாள்.

"இவருகூட நாலு நாள் இருந்துட்டு வாரேன்" என்றாள்.

திங்கட்கிழமை காலை கடல் வேறு ஆளாக இருந்தது. கடல் பக்கமிருந்து காற்று முகத்தில் அடித்தது. தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறத்தில் கிடந்தது. அலைக்கு வரிசையும் இல்லை, ஒழுங்கும் இல்லை. பல்லுப்பாரில் ஓர் ஆளும் இல்லை.

டீச்சர் பலகையை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

பின்னால் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். நாச்சிமுத்து வந்துகொண்டிருந்தார். கையில் போன் இல்லை. கண் சிவந்திருந்தது.

"இன்னைக்கா அண்ணாச்சி?"

"இன்னைக்கேதானுங்க. காத்தாவது மண்ணாவது. செத்தாலும் சரி."

இருவரும் கவிழ்ந்து படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ளிப் போனார்கள். பாரின் ஓரத்தில் போய்ப் பலகைமேல் உட்கார்ந்தார்கள். ஓர் அலை எழும்பியது, பாதியில் உடைந்தது. அதன் கீழே பாறை ஒரு கணம் கருப்பாகத் தெரிந்து மறைந்தது. இன்னொரு அலை பக்கவாட்டில் வந்து முதல் அலைமேல் ஏறிப் படுத்தது.

நாச்சிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த அலையைப் பிடிக்கப் பலகையைத் திருப்பினார்.

விசில் சத்தம் கேட்டது.

"கரைக்கு" என்றார் டீச்சர். சொல்லிவிட்டு அவரே முதலில் திரும்பிவிட்டார்.

நாச்சிமுத்துவுக்கு நம்ப முடியவில்லை. கரையேறினதும் பலகையை மணலில் போட்டார்.

"ஏனுங்க டீச்சர் திரும்புனீங்க? நானு இன்னிக்குத்தான் துணிஞ்சு வந்தேன்!"

"பயமா இருந்துச்சு."

"யாருக்குங்க?"

"எனக்குத்தான்."

நாச்சிமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணாடிச் சுவரில் நடந்து வந்த பெண். பயத்தை மறைக்கக்கூட இல்லை.

"காத்துனாலயுங்களா?"

"தெரியல."

"தண்ணி வத்துனதுனாலயா?"

"தெரியல அண்ணாச்சி. பயமா இருந்துச்சு, வந்துட்டேன். ஒரு டீ குடிச்சாச் சரியாயிரும்."

நாச்சிமுத்து மணலில் உட்கார்ந்தார். மணலைக் கையில் அள்ளினார், கீழே விட்டார்.

"இப்படி வெறுமனே சொல்லலாமுங்களா?"

"எப்படி?"

"பயமா இருக்குன்னு."

"வேற எப்படிச் சொல்லுவாவ?"

காற்று, நீர் இறக்கம், இடைவெளி, சொறி, ராகு காலம் எல்லாம் நாச்சிமுத்துவின் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயின.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"எனக்கு பயமுங்க. வந்த நாள்ல இருந்தே பயமுங்க."

சொல்லி முடித்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது, பாரிலிருந்து திரும்பி வந்தபோதுகூட வாங்காத மூச்சு.

"எதுக்கு பயம்? பாறைக்கா?"

"பாறைக்குந்தானுங்க. ஆனா..." குரலைத் தணித்துக்கொண்டார். "விழுந்தா எல்லாரும் சிரிப்பாங்களேன்னு."

கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கொய்யா நறுக்கிக்கொண்டிருந்த கோகிலவாணி தலையைத் தூக்கினாள்.

"அதான் நேத்தே சிரிச்சாச்சுங்களே" என்றாள்.

நாச்சிமுத்து அவளைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி வந்தது. அழுகை என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அவர் சிரிக்க ஆரம்பித்தார். கொய்யா தின்னும்போதும் சிரித்தார்.

மறுநாள் காலை வானம் மூடாக்கு. காற்று கொஞ்சம் இடமிருந்து, கொஞ்சம் வலமிருந்து வந்தது. அலை பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை. தெளிந்துவிட்ட தண்ணீரில் இரண்டு சொறி மிதந்தது. எந்த ஊரிலிருந்தும் கார் வராத ஒரு நாள்.

டீச்சர் முன்னால் போனார். நாச்சிமுத்து பின்னால் போனார்.

பாரின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். ஓர் அலை போனது. நாச்சிமுத்து விட்டுவிட்டார். இன்னொன்று போனது. அதையும் விட்டார். டீச்சர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. விசிலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதிலிருந்த உப்புத் தண்ணீரை உதறிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வந்தது.

நாச்சிமுத்து பலகையைக் கரைப்பக்கம் திருப்பினார். தண்ணீரைத் தள்ளினார். முதுகுக்குப் பின்னால் கடல் தூக்கியது. கரையில் கோகிலவாணி எழுந்து நின்று, பட்டறைக்கு நேரமாகிவிட்டதென்று எழுப்புகிற அதே குரலில், "எந்திரிங்க! எந்திரிங்க!" என்று கத்தினாள்.

எழுந்தார்.

கால் தந்தியடித்தது. கை இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாகப் பறந்தது. கீழே கண்ணாடித் தண்ணீரில் பல்லுப்பாரின் பல் ஒவ்வொன்றும் அவரைக் கடந்து போனது. பாறையில் நீலநிற மீன் ஒன்று நின்று அவரைப் பார்த்தது. வாயைத் திறந்தார். என்ன கத்தினார் என்று அவருக்கே தெரியாது. ஏதோ கெட்ட வார்த்தை என்று கோகிலவாணி பிற்பாடு சொன்னாள்.

அப்புறம் விழுந்தார்.

கரைக்கு நொண்டிக்கொண்டு வந்தார். முழங்கால் சிராய்த்திருந்தது. பாறையில் ஒட்டியிருக்கும் கடல் முள்ளெலியை மிதித்ததில், பாதம் முழுக்கக் கருப்பு முட்கள். கோகிலவாணி அவர் காலை மடியில் வைத்துக்கொண்டு சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றினாள்.

டீச்சர் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"என்ன அண்ணாச்சி, பயம் போயிட்டா?"

நாச்சிமுத்து யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு இப்போது தோன்றவில்லை.

"இல்லீங்க டீச்சர். கரையிலயே விட்டுட்டுத்தான் போனேன். கூடவே நீந்தி வந்து ஏறிக்கிச்சுங்க."

"பெறகு?"

ஊக்கு ஒரு முள்ளைத் தொட்டது. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, மணலில் கிடந்த பலகையை ஒரு தடவை பார்த்தார்.

"நல்ல நீளமான பலகைங்க" என்றார். "ரெண்டு பேருக்கு எடம் இருந்துச்சு."