நாலாவது தோள்

ராஜாக்களுக்கு வாய் நீளமாகவும் யோசனை குட்டையாகவும் இருந்த காலத்தில், புன்னைநாட்டை மாறகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் சொல்லிவிட்டுத்தான் யோசிப்பான். அவன் சொல்லிவைத்ததை எல்லாம் நேராக்கிக்கொண்டு அலைவதுதான் மந்திரி கூத்தப்பரின் பிழைப்பு.

அந்த நாட்டில் இரண்டு குலங்கள். செத்தவர்களை எரிப்பவர்கள் தீக்குலம், புதைப்பவர்கள் மண்குலம். உயிரோடு இருக்கும்வரை இரண்டு பேரும் ஒரே சோற்றைத்தான் தின்றார்கள், ஒரே காய்ச்சலில்தான் படுத்தார்கள். ஆனாலும் பெண் கொடுக்கமாட்டார்கள், எடுக்கமாட்டார்கள்.

ஒருமுறை ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ராஜா படையோடு வந்தான். ஆழமில்லாத துறை ஒன்றில் காவலுக்கு நின்ற தவசி என்ற வீரன், நம் படை வந்து சேரும்வரை தனியாளாக வழிமறித்து நின்று, அங்கேயே செத்துப்போனான். அக்கரைப் படை பின்வாங்கி எதிர்க்கரையில் கூடாரம் அடித்தது.

மாறகண்டனுக்குத் தலைகால் புரியவில்லை. "தவசி எந்தக் குலமோ, அந்தக் குலத்தாருக்கே இனி என் வலப்பக்கத்து ஆசனங்கள்!" என்று சபையில் அறிவித்துவிட்டான். கூத்தப்பர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஏனென்றால் தவசியின் தாய் காத்தாயி தீக்குலம், தகப்பன் சடையன் மண்குலம். கல்யாணம் செய்துகொண்ட அன்றே இரண்டு குலமும் அவர்களைத் தள்ளிவைத்தன. சடையன் செத்தபோது சுடுகாட்டிலும் இடமில்லை, இடுகாட்டிலும் இடமில்லை. காத்தாயி தன் கொல்லையிலேயே குழி வெட்டினாள். இதெல்லாம் ஊரறிந்த சங்கதி. ஆசனம் என்றதும் ஊருக்கு மறந்துபோயிற்று.

தவசியின் உடல் அரண்மனை முற்றத்தில் கிடந்தது. "எங்கள் பிள்ளை! சந்தனக்கட்டையில் எரிப்போம்" என்றார் தீக்குலத் தலைவரான தளவாய் செண்பகராயர். "எங்கள் ரத்தம்! கல் நட்டுப் புதைப்போம்" என்றார் மண்குலத் தலைவர் மூக்கையர். தெருவில் மண்டைகள் உடைந்தன. உப்பு விற்பவன்கூட எந்தக் குலம் என்று கேட்டுவிட்டுத்தான் அளந்தான். அக்கரை ராஜா இதைக் கேள்விப்பட்டு, "அவசரம் வேண்டாம், அடுப்பை மூட்டுங்கள். அவர்களே நமக்கு வழிவிடுவார்கள்" என்றானாம்.

காத்தாயி அரண்மனை வாசலில் உட்கார்ந்திருந்தாள். "எம்புள்ள மேல ஈ மொய்க்குதய்யா. குடுத்திருங்க, கொண்டுபோயிடுறேன்" என்று காவலாளிகளிடம் கெஞ்சினாள். எந்தக் குலத்தின் சார்பாகக் கேட்கிறாய் என்றார்கள் அவர்கள். 

இதைப் பார்த்துவிட்டுத்தான் கூத்தப்பர் சபைக்குள் நுழைந்தார். "மகாராஜா, இந்த வழக்கை நான் தீர்க்கிறேன்."

செண்பகராயருக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. "கூத்தப்பர் எந்தக் குலம் என்று முதலில் சொல்லட்டும். பிறகு தீர்க்கட்டும்" என்றார்.

"நான் உங்களோடு பேசிப்பேசித் தொண்டை வறண்ட குலம், தளவாயே" என்றார் கூத்தப்பர். சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "படைவீரர்களும் குலச்சண்டைக்கு வந்துவிட்டதால், தவசி நின்ற துறை இப்போது காலியாக இருக்கிறது. எங்கள் ரத்தம் என்கிறார்கள் இருவரும். சரி, அந்த ரத்தம்தானே அங்கே நிற்கவேண்டும்? எந்தத் தலைவர் தம் மூத்த மகனை இன்றே அந்தத் துறையில் நிறுத்துகிறாரோ, உடல் அவருக்கு. ஆசனமும் அவருக்கே."

 செண்பகராயர்தான் முதலில் மெல்ல வாய் திறந்தார். "யோசித்துப் பார்த்தால்... பிள்ளைக்குக் குலம் தகப்பன் வழிதான். தவசி மண்குலம்."

"அதெப்படி?" என்று துள்ளினார் மூக்கையர். "வளர்த்தது தாய். தாய் உங்கள் வீட்டுப் பெண். தவசி தீக்குலமேதான்!"

"இல்லை ஐயா, உங்கள் பிள்ளை!"

"சத்தியமாக உங்கள் பிள்ளை!"

மாறகண்டன் தொடையில் தட்டிச் சிரித்தான். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி, "பிடியும் மந்திரியாரே! இவர்கள் வேஷத்தை ஒரே கேள்வியில் கலைத்துவிட்டீரே!" என்று நீட்டினான்.

கூத்தப்பர் கை நீட்டவில்லை. "சிரிக்காதீர்கள், மகாராஜா. யாராவது ஒருவர் அவனுக்கென்று மிஞ்சுவார் என்று நம்பித்தான் கேட்டேன். இரண்டு பேருமே அவனை வேண்டாம் என்றுவிட்டார்கள். அவன் தாய் வாசலில்தான் இருக்கிறாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும்."

ராஜாவின் சிரிப்பு நின்றது. தான் சொன்ன ஒரு சொல் எங்கே கொண்டுவந்து விட்டது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வலப்பக்கத்து ஆசனங்களை வெளியே எடுத்துப் போடச் சொன்னான். பிறகு தானே வாசலுக்குப் போனான்.

"தாயே, எரிக்கலாமா, புதைக்கலாமா? நீ சொல்வதே தீர்ப்பு."

காத்தாயி முற்றத்துப் பக்கம் பார்த்தாள். "சின்னதுல அவனுக்கு இருட்டுன்னா பயம் ராசா. குழியில வைக்க மனசு வரல. வெயில்ல நின்னா மேலெல்லாம் கொப்புளிச்சுரும். நெருப்புல வைக்கவும் மனசு வரல. நான் எதைன்னு சொல்ல?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவங்கப்பன் பக்கத்துலயே வச்சிர்றேன். அங்கன்னா துணைக்கு ஆள் இருக்கு."

பாடை கட்டினார்கள். முன்கொம்பில் ராஜா தோள் கொடுத்தான், அடுத்ததில் கூத்தப்பர். ராஜா திரும்பிச் செண்பகராயரைப் பார்த்தான்.  தளவாய் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து வந்து மூன்றாவது தோளைக் கொடுத்தார். மூக்கையரைக் காணோம், எப்போதோ நழுவியிருந்தார். காவலாளிகள் தங்கள் தங்கள் குலத்தாரைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். நாலாவது தோளுக்கு ஆள் இல்லை.

ராஜாவுக்கு முகம் சிவந்தது. அதட்ட வாயெடுத்தான்.

"யாரையும் அதட்டாதீங்க ராசா" என்றாள் காத்தாயி. "இவனத் தூக்கிப் பழக்கப்பட்டவ நான் ஒருத்தி இருக்கேன்ல."

அந்த நாட்டில் பெண்கள் பாடையைத் தொடும் வழக்கமே இல்லை. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நாலாவது கொம்புக்குத் தோளைக் கொடுத்தாள். அவள் ரொம்பக் குள்ளம். பிள்ளை அவள் பக்கம் சரிந்துவிடாமலிருக்க, மற்ற மூன்று பேரும் முதுகை வளைத்துக்கொண்டார்கள். அவள் வீட்டுக் கொல்லை வரைக்கும் ராஜா அப்படிக் குனிந்தேதான் நடந்தான்.