கரையடிக் கசிவு

பழனாத்தாளுக்குக் கண்ணை மூடினால் போதும், தண்ணீர் வந்துவிடும்.

அசையாமல் உட்காருங்கள் என்று குரு சொல்லிக் கொடுத்திருந்தார். உட்கார்வாள். பத்து மூச்சு போகும். பதினோராவது மூச்சில் அவள் தோட்டத்து மண் அணை மனக்கண்ணில் நடுவே பிளக்கும். எழுந்து முந்தானையை முறுக்கிக்கொண்டு நடப்பாள். மறுபடி வந்து உட்கார்வாள். மறுபடி பிளக்கும்.

குருவைவிட அவள் பதினாறு வயது மூத்தவள். அவர் பெயர் சித்தய்யன். ஒரு காலத்தில் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். இப்போது மலையடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு பாய், ஒரு சொம்பு.

கார்த்திகை மாதம். வானம் மூடிக்கொண்டு நின்ற ஒரு காலையில் அவள் வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"சாமி, எம் பயத்தை எடுத்து உட்ருங்க."

"எதுக்குப் பயம்?"

"அணைதாங்க. உடைஞ்சிருமோன்னு."

"உடையுமா?"

"எங்கீங்க உடையும்? எங்க மாமனார் கட்டுனது. நாப்பது வருசமா நிக்குது. எம் மனசுதான் நிக்க மாட்டேங்குது. நீங்க குடுத்த மந்திரத்த ஆயிரத்தெட்டுத் தடவ சொல்லிப் பாத்துட்டேன். இன்னும் கொஞ்சம் பெருசா ஏதாச்சும் குடுங்க."

குரு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"வாங்க, போலாம்."

"எங்கீங்க?"

"உங்க அணைக்கு."

கரை பார்க்க அழகாகத்தான் இருந்தது. தண்ணீர் கரையின் தலைக்கு ஒரு முழம் கீழே தளும்பிக்கொண்டு நின்றது. மிஞ்சுகிற தண்ணீர் வழிந்து போவதற்கு ஓரத்தில் ஒரு கலிங்கு. அதன் மேல் புதுச் செங்கல் இரண்டு வரி ஏறியிருந்தது.

"இது?"

"நான் கட்டுனதுங்க. தீபாவளிக்கு முந்தின வாரம். சும்மா ஓடிப் போற தண்ணிதானுங்களே? கோடைல அறுநூறு தென்னைக்கு வேணுமில்லீங்களா?"

குரு கரையின் வெளிப்பக்கம் இறங்கினார். கீழே கூப்பிடு தூரத்தில் பதினோரு ஓட்டு வீடுகள். எல்லாம் அவள் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுடையவை. முதல் வீட்டு ராசாத்தி கண்ணாடி கிளாசில் டீ கொண்டுவந்தாள்.

"என்னுங் சாமி, எங்களுக்கும் கண்ணை மூடச் சொல்லிக் குடுக்க வந்தீங்களா?"

"உனக்கு நேரமிருக்குதா?"

"படுத்தாலே மூடிக்குது. அதுக்கு எதுக்குங்க பாடம்?"

குரு சிரித்தார். டீயைக் குடித்துவிட்டு கிளாசைக் கழுவினார். கரையடியில் ஒரு இடத்தில் தண்ணீர் விரல் தடிமனுக்குக் கசிந்து ஓடியது. அதில் கிளாசை நிறையப் பிடித்து ஒரு கல்லின் மேல் வைத்தார். பிறகு ராசாத்தி வீட்டுச் சுவரோரமாகப் பாயை விரித்து உட்கார்ந்தார்.

"இன்னையிலருந்து நான் இங்கதான்."

பழனாத்தாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இங்க வேண்டாங்க சாமி! மேல எங்க வீட்டுல தங்கிக்கங்க."

"ஏன்?"

"மழை வருதுங்க."

"அணைதான் உடையாதே?"

"உடையாதுங்க. உடையாது. இருந்தாலும் நீங்க எதுக்கு இந்தப் பள்ளத்துல வந்து…"

சொல்லிக்கொண்டே பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். மறுமுனையில் குரு உட்கார்ந்திருந்தார். பாய் நகரவில்லை.

ராசாத்தி சொன்னாள்: "உடுங்க அம்மிணி. தண்ணி வந்தா மொதல்ல நாங்க போறோம். சாமி பொறகால வரட்டும். துணைக்கு ஆளாச்சு."

பழனாத்தாளின் கை பாயை விட்டது.

"அந்தக் கிளாசைக் கொண்டாங்க அம்மா," என்றார் குரு.

கிளாசில் மேலே தண்ணீர் தெளிந்திருந்தது. அடியில் நகக்கனத்துக்குச் செம்மண் படிந்திருந்தது.

"எப்பவும் இப்படித்தான் வருமா?"

"கசிவு எப்பவும் உண்டுங்க சாமி," என்றாள் ராசாத்தி. "ஆனா பளிங்காட்டம் வரும். நாங்களே மொண்டு குடிப்போம். தீபாவளிக்குப் பொறவுதான் கலங்கல். அம்மிணிகிட்டச் சொன்னனே."

"சொன்னா," என்றாள் பழனாத்தாள்.

"உங்க பயம் எப்ப வந்துச்சு அம்மா?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

"இந்த மண்ணு எங்கிருந்து வருது?"

அவள் நிமிர்ந்து கரையைப் பார்த்தாள். வெளிப்பார்வைக்குப் புல்லும் பசுமையுமாக அது அப்படியேதான் நின்றது.

அதற்குப் பிறகு அவள் உட்காரவில்லை. மதகுத் திருகைத் தானே பிடித்துத் திருகினாள். கடப்பாரை கேட்டுக் கத்தினாள். கலிங்கின் மேல் ஏற்றிய இரண்டு வரியையும் ஆள் வைத்துப் பெயர்த்தாள். இஞ்சினியருக்கு ஃபோன் போட்டாள். "தண்ணியை மெதுவாவே இறக்குங்க, கரைமேல டிராக்டர் போகக் கூடாது, கீழ ஒருத்தரும் இருக்கக் கூடாது," என்றார் அவர். மத்தியானத்துக்குள் பதினோரு வீட்டுச் சட்டி பானையும் ஆடு கோழியும் மேட்டிலிருந்த அவளுடைய தேங்காய்க் கிடங்குக்கு வந்துவிட்டன. கோடைக்கென்று தேக்கிய தண்ணீர் அவள் கண்ணெதிரே பள்ளத்தில் இறங்கி ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வீடு வீடாகப் போய் உள்ளே யாராவது தங்கிவிட்டார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

சாயங்காலம் தூறல் விழுந்தது. குரு கிடங்கில் ஆடுகளுக்கு நடுவே பாயை விரித்திருந்தார். பழனாத்தாள் மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"தண்ணி ஒரு முழம் எறங்கிருச்சுங்க சாமி. இன்னும் எறங்குது. எல்லாரும் மேல வந்தாச்சு. இஞ்சினியர் நாளைக்கு வர்றாருங்க."

"நல்லது."

"ஆனா பயம் போகலீங்களே. இப்பவாச்சும் ஒரு மந்திரம் குடுங்க."

குரு கிளாசிலிருந்த தண்ணீரைக் கீழே கொட்டினார். அடியில் இருந்த மண்ணை விரலால் வழித்தார். கிளாசைத் துண்டில் துடைத்து அவள் கையில் கொடுத்தார்.

"காலைல எந்திரிச்சதும் அந்தக் கசிவுல ஒரு கிளாஸ் புடிச்சு வெச்சுப் பாருங்க."

"பாத்துட்டுங்க?"

"மறுநாளும் பாருங்க."

"எத்தன நாளைக்குங்க சாமி?"

"அணை இருக்கற வரைக்கும்."