மூன்று முறையும் இடப்பக்கம்

"மிஷின் கெட்டுப்போச்சு, ரெஜினா," என்றார் டாக்டர் தணிகைவேல். "மூணு படம். மூணு அளவு."

படத்தில் இருப்பவள் கனிஷ்கா. பத்தொன்பது வயசு. பல்லுக்குக் கம்பி போட வந்தவள். தாடை இடப்பக்கம் கோணல் என்று அவளுக்கே தெரியாது. டாக்டர்தான் கண்டுபிடித்தார். நாளைக் காலையில் எலும்பை அறுத்து நகர்த்தப் போகிறார்கள்.

எவ்வளவு நகர்த்துவது? முதல் படம் ஐந்து மில்லிமீட்டர் என்றது. அடுத்தது இரண்டு. அதற்கடுத்தது நான்கு.

டாக்டர் இருபத்தைந்து வருஷமாகக் கம்பி போடுகிறவர். தலையைச் சுற்றி வந்து எடுக்கும் இந்த ஸ்கேன்தான் புதுசு. வெட்கத்தை விட்டு, தன்னைவிடப் பதினைந்து வயசு சின்னவளான டெக்னீஷியன் ரெஜினாவிடம் கற்றுக்கொள்ள வந்தார். வெட்கத்தைத்தான் விட்டார். கெத்தை விடவில்லை.

ரெஜினா அலமாரியிலிருந்து ஒரு மண்டை ஓட்டை எடுத்து நீட்டினாள்.

"இதை வைங்க டாக்டர். இது எச்சில் முழுங்காது, அசையாது. தாடையும் கோணல் இல்ல. ஸ்கேல் வெச்சே பார்த்திருக்கேன்."

வைத்தார். தலை நேராக இருக்கிறதா என்று காட்டும் சிவப்பு லைட்டை அணைத்தார். எப்போதும் அப்படித்தான்.

"எனக்கு என் கண்ணு போதும்."

வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். மிஷின் மண்டை ஓட்டைச் சுற்றி வந்தது.

மூன்று மில்லிமீட்டர். இடப்பக்கம்.

எடுத்து மறுபடி வைத்தார். ஐந்து. இடப்பக்கம்.

மறுபடி. நான்கு. இடப்பக்கம்.

டாக்டர் மிஷினை உற்றுப் பார்த்தார்.

"ஒரு தடவைகூட வலப்பக்கம் போகலையே. உள்ள யாரு இதைத் திருப்புறது?"

"உள்ள யாரும் இல்ல டாக்டர்."

அவள் மண்டை ஓட்டை எடுத்து மேசைமேல் நேராக வைத்தாள். "மிஷின்ல நீங்க உட்காருங்க. எக்ஸ்ரே கதிர் வராது. லைட் மட்டும்தான்."

உட்கார்ந்தார்.

"நேரா பாருங்க."

"நேராத்தான் பார்க்கிறேன்."

கண்ணாடியை நீட்டினாள்.

சிவப்புக் கோடு நெற்றி நடுவில் தொடங்கி, மூக்கை விட்டு விலகி, உதட்டோரத்தில் போய் முடிந்தது.

கோட்டுக்குள் முகத்தைக் கொண்டுவந்தார். அவர் கண்ணுக்குக் கதவு சாய்ந்தது. சுவர் சாய்ந்தது. மேசைமேல் இருந்த ஓடு மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தது.

"கனிஷ்கா தலையை யாரு வெச்சது?" என்றாள் ரெஜினா.

டாக்டர் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார்.

"நான்தான். மூணு தடவையும்."

ரெஜினா திரையில் கனிஷ்காவின் மண்டையைத் திருப்பினாள். இரண்டு காதெலும்பும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். தாடை நடுவில் வந்து நின்றது.

இரண்டாவது படத்திலும். மூன்றாவதிலும்.

டாக்டர் போனை எடுத்தார். ஆஸ்பத்திரி நம்பரைப் போட்டார்.

"நாளைக்கு அந்த ஆபரேஷன் வேண்டாம். பொண்ணை வீட்டுக்கு அனுப்பிடுங்க. கம்பி மட்டும் போதும்."

போனை வைத்தார்.

"இனிமே நேரா உட்காருங்க டாக்டர்," என்றாள் ரெஜினா.

"நேராத்தானே உட்கார்ந்திருக்கேன்?"

அவள் மேசையைப் பார்த்தாள்.

அவள் நேராக வைத்த ஓடும், அவரைப் போலவே இடப்பக்கம் சாய்ந்திருந்தது.