பூங்காவனத்தின் ரத்தம் எங்கே போயிற்று?

2019ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. தேனியில் காலை முதல் தூறல் விடவில்லை. மலைகள் மேகத்துக்குள் மறைந்திருந்தன.

ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனை ஆய்வகத்துக்குள், நனைந்த குடையுடன் டாக்டர் தெய்வநாயகம் நுழைந்தார். அவருக்கு வயது ஐம்பத்தேழு. திண்டுக்கல்லில் வேறொரு மருத்துவமனையின் ஆய்வகத் தலைவர். அவர் காண வந்தது இவ்வாய்வகத்தின் தலைவரான டாக்டர் ஹெப்சிபாவை. ஹெப்சிபாவுக்கு வயது முப்பத்தாறு.

“கத்துக்க வந்திருக்கேன் மேடம்” என்றார் தெய்வநாயகம்.

“முதல்ல தலையைத் துவட்டுங்க சார்.”

அவர் துவட்டவில்லை.

“எங்க டாக்டருங்க கண்ணை மூடிக்கிட்டு டெஸ்ட் எழுதுறாங்க. மூணு சுற்றறிக்கை அனுப்பினேன். ஒரு கூட்டம் போட்டும் பேசினேன்.”

“வந்தாங்களா?”

“வந்தாங்க. சமோசா தீர்ந்ததும் போயிட்டாங்க. இங்க டெஸ்ட் எல்லாம் பாதியாக் குறைஞ்சிடுச்சாமே? உங்க சுற்றறிக்கையில அப்படி என்னதான் எழுதினீங்க?”

“நான் சுற்றறிக்கையே அனுப்பல சார்.”

“பின்ன?”



“உங்க ஐ.சி.யூ.வுல இப்ப யாருக்கு அதிகமா டெஸ்ட் எழுதுறாங்க?” என்று கேட்டார் ஹெப்சிபா.

தெய்வநாயகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

“பூங்காவனம்னு ஒரு அம்மா. ஊறுகாய்க் கம்பெனியில வேலை. நிமோனியாவோட வந்து இன்னையோட பதினோரு நாள். வரும்போது ஹீமோகுளோபின் பதினொண்ணு புள்ளி ரெண்டு. இப்ப எட்டு புள்ளி ஒன்பது. ரத்தம் எங்க போகுதுன்னு யாருக்கும் தெரியல. வியாழக்கிழமை மயக்கம் குடுத்து, வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பாக்கப் போறாங்க.”

“மயக்கத்தைத் தாங்குவாங்களா?”

“அதுதான் சந்தேகம். ஆக்சிஜன் இன்னும் எடுக்கல. எடை முப்பத்தெட்டு கிலோ.”

“பதினோரு நாள்ல அவங்ககிட்ட இருந்து உங்க லேபுக்கு எத்தனை டியூப் வந்துச்சு?”

தெய்வநாயகம் தம் ஆய்வகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார்.

நூற்று முப்பத்திரண்டு.

ஹெப்சிபா எழுந்து சென்று, அளவுக் கோடுகள் இட்ட கண்ணாடிக் குவளை ஒன்றையும் காலி டியூப் ஒன்றையும் எடுத்துவந்து, கைகழுவும் தொட்டியின் ஓரத்தில் வைத்தார்.

“டியூப்ல தண்ணி பிடிச்சு, குவளையில ஊத்துங்க. நூத்தி முப்பத்திரண்டு தடவை.”

“நானா?”

“வேற யாரு? எனக்குக் கணக்குத் தெரியும்.”

தெய்வநாயகம் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குழாயைத் திறந்தார்.

பிடித்தார். ஊற்றினார். எண்ணினார்.

அவ்வழியே வந்த ஊழியர் ஒருவர் நின்று பார்த்தார். “யாரு மேடம், ட்ரெயினியா? வயசு கொஞ்சம் ஜாஸ்தியாத் தெரியுதே!”

“சும்மா இருங்க. அவரு எண்ணிக்கிட்டு இருக்காரு.”

அறுபதாவது டியூபில் தெய்வநாயகத்தின் பொறுமை தீர்ந்தது. “ஒரு நாளைக்குப் பன்னிரண்டு டியூபா! எதுக்கு இத்தனை அனுப்புறாங்க?”

“எதுக்கு?” என்றார் ஹெப்சிபா.

“எங்க லேப்ல ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி டியூப் வரணும்.”

“அளவு குறைஞ்சா?”

“திருப்பி அனுப்பிடுவோம். மறுபடி எடுக்கச் சொல்லுவோம்.”

“அந்த விதியைப் போட்டது யாரு சார்?”

டியூபிலிருந்து நீர் வழிந்து அவர் விரல்களின்மேல் ஓடியது. அவர் குழாயை மூடினார். மறுபடி திறந்து, அறுபத்தொன்றைப் பிடித்தார்.

நூற்று முப்பத்திரண்டாவது டியூபையும் ஊற்றியபோது, நீர் நானூற்று அறுபது மில்லி என்னும் கோட்டைக் கடந்திருந்தது.

“ரத்ததானம் செய்ய வர்றவங்ககிட்ட எவ்வளவு எடுப்போம்?” என்று ஹெப்சிபா கேட்டார்.

“முன்னூத்தி அம்பது.”

“எடை முப்பத்தெட்டு கிலோன்னா?”

“எடுக்கவே மாட்டோம்.”

தெய்வநாயகம் குவளையைச் சுட்டிக்காட்டினார்.

“இது எங்க லேப் செஞ்சது, சரி. ஆனா தினமும் இத்தனை டெஸ்ட் எழுதுறது அவங்கதானே? ஏன் எழுதுறாங்க?”

“எழுதுறவரைக் கேட்டீங்களா?”

“சுற்றறிக்கையில தெளிவா...”

“கேட்டீங்களா சார்?”

அவர் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

மறுநாள் காலையில், நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக, அவர் தம் மருத்துவமனையின் ஐ.சி.யூ.வுக்குள் காலெடுத்து வைத்தார்.

அங்கே பொறுப்பிலிருந்த டாக்டர் ரஷீத் நிமிர்ந்து பார்த்தார். “வாங்க சார். வழி தவறிட்டீங்களா? லேப் கீழ் மாடியில.”

“ஒண்ணு தெரிஞ்சுக்கணும் ரஷீத். குத்தம் சொல்ல வரல. பூங்காவனத்துக்குத் தினமும் எல்லா டெஸ்டும் ஏன் எழுதுறீங்க?”

ரஷீத் நோயாளியின் கோப்பைப் புரட்டி, ஐந்தாம் தேதியிட்ட அறிக்கையை எடுத்து நீட்டினார். எண்களுக்குக் கீழே ஒரு குறிப்பு இருந்தது.

‘ஹீமோகுளோபின் குறைந்து வருகிறது. உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம். காரணம் தெரியும்வரை நாள்தோறும் முழுப் பரிசோதனை செய்வது நல்லது.’

அதன் கீழே இருந்த பெயர் தெய்வநாயகம்.

“லேப் தலைவரே எழுதியிருக்கீங்க. நான் எடுக்காம விட்டு, ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? இந்த உடம்புக்கு மயக்கம் குடுக்கறதை நினைச்சா ராத்திரி எனக்குத் தூக்கம் வரல சார்.”

அப்போது செவிலியர் ஒருவர் ஊசியும் பன்னிரண்டு டியூபுகளும் அடங்கிய தட்டுடன் பூங்காவனத்தின் கட்டிலருகே வந்தார். யாரும் கேட்காமலே பூங்காவனம் கையை நீட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை நீலம் பாரித்திருந்தது.

ஆக்சிஜன் முகமூடியைச் சற்றே விலக்கி, “தெனமும் இம்புட்டு வாங்கிட்டுப் போறீகளே தாயி, ஊறுகா போடவா?” என்றார்.

செவிலியர் சிரித்துவிட்டார். தெய்வநாயகம் சிரிக்கவில்லை. தட்டைத் தம் கைகளில் வாங்கிக்கொண்டார்.

“இன்னைக்கு வேண்டாம்மா.”

பிறகு ரஷீதிடம் திரும்பி, முந்தைய நாள் ஊற்றிய நீரின் அளவைச் சொன்னார்.

ரஷீத் கோப்பின் முதல் பக்கத்துக்குச் சென்று, எடை எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“அப்ப கசிவு...”

“நான்தான்” என்றார் தெய்வநாயகம்.

வியாழக்கிழமை நடக்கவிருந்த சோதனை ஒத்திவைக்கப்பட்டது, பிறகு தேவைப்படவில்லை. அன்றுமுதல், குழந்தைகளுக்குப் பயன்படும் சிறிய டியூபில், இருவரும் கட்டிலருகே நின்று பேசி முடிவு செய்த நாள்களில் மட்டும் ரத்தம் எடுக்கப்பட்டது. எட்டு புள்ளி ஏழில் ஹீமோகுளோபின் குறைவது நின்றது. ஆய்வகத்தின் பிரிவுகள் ஒரே டியூபைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற மாற்றத்தை ஊழியர்கள் ஒரு வாரம் எதிர்த்தார்கள், பின்னர் பழகிக்கொண்டார்கள். மற்ற வார்டுகளில் டெஸ்டுகள் உடனே குறைந்துவிடவில்லை. தெய்வநாயகம் நாள்தோறும் ஒரு வார்டுக்குச் சென்றுவந்தார்; சிலர் அவரோடு சண்டையிட்டார்கள். பூங்காவனம் நவம்பர் 27ஆம் நாள் நடந்தே வீட்டுக்குச் சென்றார். அவருடைய வெளியேற்றக் குறிப்பில், ரத்தம் குறைந்ததற்கான காரணத்தை எழுதும் இடத்தை ரஷீத் காலியாக விட்டிருந்தார். தெய்வநாயகம் அதில் ‘எங்கள் பரிசோதனைகள்’ என்று எழுதினார்.