கற்பூரம் காட்டாத டேங்கர்

போன வருஷம் ரயில் யார்டில் கசிந்த பெட்ரோல் டேங்கர் தீப்பிடித்ததில் செவந்தி புருஷனைப் பறிகொடுத்தாள். அவன் பார்த்த கலாசி என்ற எடுபிடி வேலையைத்தான் அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். ஆயுத பூஜையும் அதுவுமாக, கிளம்ப நின்ற ஒரு டேங்கரின் அடியில் பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது.

"கசிவு சோதனை போடாம இதை அனுப்பக் கூடாதுங்கய்யா."

இன்ஜினியர் தணிகாசலம் சீறினார். "சொட்டுக்கூடக் கசியலைன்னு நானே எழுதிக் கொடுத்தாச்சு. வாயை மூடிக்கிட்டு பூஜையைப் பாரு. இல்லேன்னா புருஷன் செத்துக் கிடைச்ச வேலையும் போயிரும்."

செவந்தி பூஜைத் தட்டை எடுத்து வந்தாள். டேங்கருக்கு மாலை போட்டாள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். யார்டே கூடி நிற்க, கற்பூரத் தட்டையும் தீப்பெட்டியையும் தணிகாசலத்திடம் நீட்டினாள்.

"பெரியவர் நீங்கதான் ஏத்திக் காட்டணுங்கய்யா."

அவர் இரண்டடி பின்வாங்கினார். "அறிவிருக்கா உனக்கு? எல்லாரும் கருகிச் சாகவா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு ஓடினார்.

கேட்டுக்கொண்டிருந்த ரயில் டிரைவர், வண்டியை எடுக்க முடியாது என்று இன்ஜினிலிருந்து இறங்கிவிட்டார்.

தூரத்தில் போய் நின்ற தணிகாசலத்திடம் செவந்தி தீப்பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு குச்சிகூட இல்லை.

"இந்தப் பயம் உங்களுக்குப் போன வருஷமே வந்திருந்தா, இன்னைக்கு இந்த வண்டிக்கு மாலையை என் வீட்டுக்காரரு போட்டிருப்பாருங்கய்யா."